தோட்டவேலை

பெரியப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள்
பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
நீல அட்டை போட்ட பறப்புப் பதிவேடு.
பகலில் பறந்த மணி கறுப்பு மையில்,
இரவில் பறந்தது சிவப்பில்.
பெரும்பாலும் சிவப்பு.

ஓரிடத்தில் பினாங்கு என்றிருந்தது.
எதிரே, கார்டனிங்.
பதினெட்டு மணி, ஐந்து நிமிடம்.

கிராணியார் மகனல்லவா,
தோட்டத்துக் கணக்கு எதையோ
தவறிப்போய் இதில் எழுதிவிட்டார் என்றே நினைத்தேன்.
எங்களுக்குத் தோட்டம் என்றால் ரப்பர்.
தோட்டவேலை என்றால்
விடியுமுன் பெரட்டு, வாளி, கொசு.

என் மகன்தான் எங்கோ படித்துவந்து சொன்னான்:
கடலில் கண்ணிவெடி போடுவதற்கு
அந்தப் படையில் வைத்த பெயராம் அது.
வெடிக்குப் பெயர் காய்கறி.
போட்டு முடித்தால்
நட்டாயிற்று என்று எழுதுவார்களாம்.

அப்படியானால்,
விமானி சவரிமுத்து
வங்காளத்தில் ஏறி
ஒரு கடல் முழுவதையும் இருட்டில் கடந்து
சிறுவனாய் நீந்திய நீரிணையில்
நான்கு காய்கறி நட்டிருக்கிறார்.
விளக்கணைத்த ஊரில் கீழே
தம்பி இருப்பது அவருக்குத் தெரியும்.
தம்பிக்குப் பெண் பிறந்தது தெரியாது.
அந்தப் பெண் நான்.

அப்பா தொங்கானில் மூட்டை ஏற்றப் போனவர்.
ஒருநாள் திரும்பவில்லை.
ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போனான்
என்றார்கள் பலர்.
கடல்பக்கம் சத்தம் கேட்டது
என்றார் ஒரு மீன்காரர், ஒரே ஒருமுறை.
அம்மாவைக் கேட்டால்,
"மழை. மரவள்ளிக்கிழங்கு அவிச்சு வச்சிருந்தேன்."
ஜப்பான் காலத்தில் எந்த நாளில்தான்
மரவள்ளிக்கிழங்கு அவிக்கவில்லை?

பதிவேட்டில் தேதி இருக்கிறது.
அம்மாவிடம் கிழங்குதான் இருந்தது.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
பல ராத்திரி பார்த்துவிட்டேன்.
ஒட்டவும் இல்லை, விலகவும் இல்லை.
கண்ணிவெடி போட்ட அன்றே வெடிப்பதில்லையாம்,
அதையும் மகன்தான் சொன்னான்.
போதுமடா என்றேன்.

ஜெர்மன்காரன் தலையில் குண்டு போட்டவர் என்றே
உறவெல்லாம் பெருமை பேசினோம்.
அவர் திருத்தவில்லை.
மணமுடிக்கவில்லை.
மாதம் முதல் தேதி என் பள்ளிக்கட்டணம்
உறையில் வரும், ஒரு காசு குறையாமல்.
ஆயர் ஈத்தாம் வீட்டு முற்றத்தை
மூலைவரை சிமெண்டால் பூசிவிட்டார்.
அம்மா கொண்டுபோன கறிவேப்பிலைக் கன்றை
இரண்டு கையாலும் வாங்கி,
பக்கத்து வீட்டு லிம்மிடம் கொடுத்தார்.

ஜூலையில் நாங்கள் மெழுகுவத்திக் கட்டோடு
புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு
ஃபெரி ஏறுவோம்.
அவர் துறைவரை வருவார்,
குடையை என்னிடம் தந்துவிட்டுத் திரும்புவார்.
"கடல் எனக்கு ஒத்துக்காது."
நாற்பது வருஷம் அதே வாக்கியம்.

எண்பத்தைந்தில் பாலம் திறந்தார்கள்.
"காரை எடு" என்றார்.
என் பழைய டாட்சன்.
நடுப்பாலத்தில் கண்ணாடியை இறக்கினார்.
எதிரே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.
கீழே ஒரு கப்பல்
நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.
பிறை வரை போனோம்.
இறங்கி ஒரு தேநீர்கூடக் குடிக்காமல்
வண்டியைத் திருப்பச் சொன்னார்.

சாவடியில் ஏழு வெள்ளி கேட்டாள் ஒரு பெண்.
"வரும்போது கேக்கலையே?"
"தீவை விட்டுப் போக ஒண்ணுமில்ல பெரியப்பா.
திரும்பி வரத்தான் காசு."

என் பணப்பையைத் தள்ளிவிட்டு
ஒரு வெள்ளி நோட்டாக ஏழு எண்ணினார்,
விரலை எச்சில் தொட்டு, நிதானமாக.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
ரசீது கேட்டு வாங்கி
நான்காய் மடித்து சட்டைப்பையில் வைத்தார்.

அதுவும் டின்னில் இருந்தது.
மை போய்விட்டது.
ஏழு மட்டும் தெரிகிறது,
அதுவும் வெளிச்சத்தில் பிடித்தால்.